சுமை ஏறினால்தான் தெரிந்த இரண்டு பழுதுகள்: ஒரு கிளப் பந்தய வார இறுதி

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய ஹேட்ச்பேக், நாலு சிலிண்டர், முன்சக்கர இயக்கம். உள்ளே இருந்த சீட், கார்ப்பெட் எல்லாம் போய் ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் குழாய்க் கூண்டு) வந்துவிட்டது. ஓட்டுபவரோடு சேர்த்து எடை ஏறத்தாழ 900 கிலோ. முன்பக்க எடையைக் குறைக்கப் பேட்டரியைப் பின்னால் டிக்கிக்கு மாற்றியிருக்கிறோம். ஆக்ஸிலரேட்டர் இன்னும் கேபிள்தான். இந்தப் பதிவில் பாதிக் கதை அந்தக் கேபிளையும் டிக்கியில் இருக்கும் பேட்டரியையும் சுற்றித்தான் போகிறது.

சனிக்கிழமை பயிற்சி ஓட்டமும் தகுதிச் சுற்றும், ஞாயிறு இரண்டு பந்தயங்கள். அந்த இரண்டு நாளில் வந்த பழுது இரண்டு. வண்டி நிற்கும்போது சோதித்தால் இரண்டுமே தெரியாது. மீட்டரை வைத்தாலும் ஜாக்கியில் தூக்கிக் கையால் ஆட்டினாலும் எல்லாம் சரி என்றே காட்டும். மின்சாரம் முழுதாக ஓடும்போதும், சக்கரத்தில் பாரம் முழுதாக விழும்போதும்தான் வெளியே வந்தன. இதே வகை வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் அளவுகளோடு எழுதுகிறேன்.

சனிக்கிழமை

காலையில் பரிசோதனை. சீட் பெல்ட்டின் காலாவதித் தேதி, தீயணைப்பானின் முள், இழுவை வளையம், ஹெல்மெட் ஸ்டிக்கர் எல்லாம் வழக்கம்போல முடிந்தன. நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் போட்ட வெளிப்பக்க மெயின் ஸ்விட்சை இழுத்ததும் இன்ஜின் உடனே நின்றது. பிறகு பரிசோதகர் ஆக்ஸிலரேட்டர் மிதியைக் கையால் அழுத்தி விட்டார். மிதி திரும்பி வந்தது, ஆனால் சுணங்கி வந்தது. இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, “இது பட்டென்று மூடணும். சரி பண்ணிட்டு வாங்க, பார்த்துட்டு ஸ்டிக்கர் ஒட்டறேன்” என்றார். அவர் சொன்னது முழுக்க நியாயம். பந்தய வண்டியில் த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு) திறந்தபடி சிக்கிக்கொள்வதைப் போல ஆபத்தானது வேறு அதிகம் இல்லை. கேபிளே அறுந்தாலும் த்ராட்டில் தானாக மூடிக்கொள்ளும்படி ஸ்பிரிங் இருக்க வேண்டும் என்று விதிகள் வற்புறுத்துவதும் அதனால்தான்.

த்ராட்டில் பாடியில் கேபிளைக் கழற்றிவிட்டு வால்வைக் கையால் திருப்பினேன். வெண்ணெய் மாதிரி சுழன்று பட்டென்று மூடியது. மிதியின் கீல் சரியாக இருந்தது. இறுக்கம் கேபிளுக்குள்தான். உதிரிப் பெட்டியில் புதுக் கேபிள் ஒன்று இருந்தது, மாற்றிப் போட்டோம். ஸ்டிக்கர் கிடைத்தது.

கழற்றிய கேபிளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. கேபிள் சும்மா இறுகாது. வெளியுறை நசுங்கியிருக்க வேண்டும், துரு ஏறியிருக்க வேண்டும், அல்லது வளைவு கூர்மையாக இருந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இதில் இல்லை. கத்தியால் உறையை நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் சில இடங்களில் உருகிப் பழுப்பேறிக் கம்பியோடு ஒட்டியிருந்தது. எக்ஸாஸ்ட் சூடு பட்டிருந்தால் மானிஃபோல்டுக்குப் பக்கத்தில் மட்டும்தான் உருகியிருக்க வேண்டும். இதில் ஃபயர்வாலுக்கு (இன்ஜின் அறைக்கும் வண்டியின் உட்பக்கத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) உள்ளே, ஓட்டுநரின் கால் பக்கம் இருந்த பகுதியும் உருகியிருந்தது. இன்ஜின் சூடே எட்டாத இடம் அது.

அந்தக் கேள்விக்கு விடை தேட நேரம் இல்லை. பயிற்சி ஓட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஓட்டத்தில் வெப்பமானி பயமுறுத்தியது. வழக்கமாக 90 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும் முள், 105-ஐத் தாண்டி ஏறியது. வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஓட்டினேன், இறங்கவில்லை. பிட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தால் கொதிக்கும் சத்தம் இல்லை, கூலன்ட் வாசனை இல்லை. மேல் ஹோஸ் வழக்கமான இறுக்கத்தில்தான் இருந்தது. நண்பர் இன்ஃப்ராரெட் வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் மூடிக்கு நேராகப் பிடித்தார். 91 டிகிரி. டேஷ்போர்டிலோ 108.

அப்போது ரேடியேட்டர் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அது தானாக நின்றது. ஃபேன் நின்ற அதே நொடியில் முள் சரேலென்று 96-க்கு இறங்கியது. தண்ணீரின் சூடு ஒரு நொடியில் 12 டிகிரி குறையாது. ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன், முள் ஏறியது. அணைத்ததும் இறங்கியது. அப்படியானால் முள் காட்டுவது வெப்பத்தை மட்டுமல்ல. மின்சாரத்தையும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வண்டியில் வெப்ப சென்சாருக்கு ஒற்றை ஒயர்தான். அதன் எர்த் (மின்சாரம் திரும்பும் வழி), இன்ஜின் பிளாக் வழியாகப் போகிறது. ஆல்டர்னேட்டரும் இன்ஜினில்தான் இருக்கிறது. ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது அனுப்பும் மின்சாரம் எல்லாம் பாடி வழியாகத் திரும்பி இன்ஜினுக்கு வந்தாக வேண்டும். பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள பாலம், எர்த் ஸ்ட்ராப். அந்தப் பாலத்தில் தடை இருந்தால் மின்சாரம் ஓடும்போது இன்ஜின் பிளாக், பாடியைவிடக் கொஞ்சம் கீழான வோல்டேஜில் நிற்கும். மீட்டருக்கு அந்த வித்தியாசம் கூடுதலாகக் கிடைக்கும், முள் மேலே போகும். எர்த் ஸ்ட்ராப்பைச் சோதிக்க வேண்டும் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஸ்ட்ராப்பின் இரண்டு முனையிலும் தொட்டோம். 0.3 ஓம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலும் 0.3 ஓம்தான். அதாவது மீட்டர் ஒயரின் தடையைத்தான் நாங்கள் அளந்தோம். ஸ்ட்ராப் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் என்றே சொன்னது. போல்ட் இரண்டும் இறுக்கமாக இருந்தன. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை.

தகுதிச் சுற்றுக்கு வரிசையில் நிற்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. வெப்பம் உண்மையில் 91-தான் என்று தெரிந்த பிறகு முள்ளைப் பார்க்காமல் ஓட்டலாம் என்று இறங்கினேன். ஆனால் வரிசையில் இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தபோது செல்ஃப் மோட்டார் முனகியது. அரைச் சுற்று சுற்றி நின்றது, மறுபடி சுற்றியது, கடைசியில் ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. ஓட்டத்தின் நடுவே மிதியில் மறுபடி அந்தச் சுணக்கம் தொடங்குவது காலுக்குத் தெரிந்தது. மூடாத த்ராட்டிலோடு வேகமான வளைவுக்குள் போக நான் தயாரில்லை. இரண்டு சுற்று நேரத்தைப் பதிவு செய்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பந்தயத்தின் புறப்பாட்டு வரிசையில் பின்பாதியில்தான் இடம் கிடைத்தது.

சாயங்காலம் பேடாக் (வண்டிகளை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) அமைதியானதும் முறையாக உட்கார்ந்தோம். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், முழுச் சார்ஜ். ஃப்யூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் பிடிக்காதபடி செல்ஃபை மட்டும் ஐந்தாறு நொடி சுற்றினேன். மிதிப் பக்கம் தலையை விட்டிருந்த நண்பர் திடீரென்று கையை இழுத்துக்கொண்டார். “டேய், கேபிள் சுடுதுடா!” மிதியோடு கேபிள் சேரும் இடத்தில் உறை இல்லாமல் நாலு விரல் நீளத்துக்கு வெறும் கம்பி தெரியும். அதில்தான் அவர் கை பட்டிருந்தது. நானும் தொட்டுப் பார்த்தேன். இன்ஜின் ஆறிப் போயிருந்தது, எக்ஸாஸ்டைக் கையால் பிடிக்கலாம். ஆனால் அந்தக் கம்பியில் விரல் நிற்கவில்லை.

அந்த ஒரு சூட்டில் காலையிலிருந்து நடந்ததெல்லாம் விளங்கிவிட்டது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரம் 150 ஆம்பியருக்கு மேல். அது இன்ஜினிலிருந்து பாடி வழியாகப் பின்னால் இருக்கும் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஸ்ட்ராப் வழிவிடாவிட்டால் இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் வேறு எந்த உலோகத்தின் வழியாகவும் போகப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டர் கேபிளின் ஒரு முனை இன்ஜினில், மறுமுனை மிதியில். உருகிய பிளாஸ்டிக்கும் முனகிய செல்ஃபும் பொய் சொன்ன முள்ளும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

இதை உறுதிசெய்ய ஓம் அளவு உதவாது, வோல்டேஜ் இழப்பைத்தான் அளக்க வேண்டும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை நீள ஒயரால் நீட்டிப் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் பிடித்தோம். மறுமுனை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில். செல்ஃப் சுற்றும்போது மீட்டர் காட்டியது 2.5 வோல்ட். இந்தப் பாதை முழுவதற்கும் அரை வோல்ட்டே அதிகம். 2.5 வோல்ட் எர்த்திலேயே தொலைந்தால் செல்ஃபுக்கு மிச்சம் என்ன இருக்கும்?

பிறகு பாதையைத் துண்டு துண்டாக அளந்தோம். இன்ஜின் பிளாக்கிலிருந்து ஸ்ட்ராப்பின் இன்ஜின் பக்க லக் (போல்ட் போடும் முனை வளையம்) வரை 0.02. பாடிப் பக்க லக்கிலிருந்து பாடி வரை 0.04. பாடியிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை 0.09. ஸ்ட்ராப்பின் ஒரு லக்கிலிருந்து மறு லக் வரை 2.35 வோல்ட். குற்றவாளி ஸ்ட்ராப்பேதான், அதன் இணைப்புகள் அல்ல. கணக்குப் போட்டால் தடை ஏறத்தாழ 0.015 ஓம். சாதாரண மல்டிமீட்டரின் கடைசி இலக்கத்துக்கும் கீழே ஒளிந்துகொள்ளும் அளவு. இதற்கு மீட்டர் பத்து முறை பீப் அடித்து இணைப்பு சரி என்று சொன்னாலும் பயனில்லை.

அந்த 2.35 வோல்ட் கேபிளை என்ன செய்யும் என்றும் பார்த்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகுக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.1 ஓம் தடை. ஒரு மீட்டர் கேபிளில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடும், ஐம்பது வாட்டை ஒட்டிய சூடு. கம்பியின் எடையோ 14 கிராம். நொடிக்கு ஏழு டிகிரிக்கு மேல் ஏறும். சோர்ந்த செல்ஃபைப் பத்து நொடி சுற்றினால் போதும், பிளாஸ்டிக் இளகத் தொடங்கிவிடும். மறுபடி மறுபடி முயன்றால் உருகும்.

ஸ்ட்ராப்பைக் கழற்றி இன்ஜின் பக்க லக்கின் மேல் இருந்த கறுப்பு உறையை வெட்டினோம். பின்னல் செம்பு லக்குக்குள் நுழையும் இடத்தில், உறைக்கு அடியில், இழைகள் வரிசையாக முறிந்திருந்தன. தட்டினால் செம்புத்தூள் கொட்டியது. விரல்விட்டு எண்ணும் அளவு இழைகளே மிச்சம். காரணம் எளிது. கியர் மாற்றும்போதும் ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் இன்ஜின் முன்னும் பின்னும் ஆடும். ஸ்ட்ராப்பின் நீளம் சரிமட்டமாக, தொய்வே இல்லாமல் இருந்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் லக்கின் விளிம்பில் அதே இடம் மடிந்து மடிந்து இழைகள் களைத்து முறிந்திருக்கின்றன. ஓம் சோதனைக்கு இருக்கிற இழைகளே தாராளம். 150 ஆம்பியருக்குத்தான் போதவில்லை.

புது ஸ்ட்ராப்பை 25 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிளில் செய்தோம். வெல்டிங் கேபிளின் இழைகள் மிக நுண்ணியவை, ஆட்டத்தைத் தாங்கும். ஹைட்ராலிக் கிரிம்ப்பரால் லக்கைப் பிடித்து, நடுவே அரைவட்டமாகத் தொங்கும்படி தொய்வு விட்டோம். பாடியில் லக் உட்காரும் இடத்தில் பெயின்டை உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, அதன் பிறகே மேலே கிரீஸ் தடவினோம். கிரீஸை முதலில் தடவிவிட்டு இறுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உலோகம் உலோகத்தோடு சேர வேண்டும், கிரீஸ் வெளியே நின்று ஈரத்தைத் தடுத்தால் போதும். செல்ஃபைச் சுற்றினோம். சத்தமே வேறு மாதிரி இருந்தது. லக்கிலிருந்து லக்குக்கு 0.05 வோல்ட். முழுப் பாதைக்கும் 0.2. ஃபேனைப் போட்டாலும் லைட்டைப் போட்டாலும் வெப்பமானியின் முள் அசையவில்லை.

அன்று மாட்டிய கேபிளும் சூடு கண்டதுதான். அதையும் கழற்றி எறிந்துவிட்டுப் பக்கத்துக் கூடாரத்தில் கேட்டு வாங்கிய கேபிளை மாட்டினோம். உள்ளே பிளாஸ்டிக் குழாய் உள்ள கேபிளுக்கு எண்ணெய் விடத் தேவையில்லை, உலர்வாகவே ஓடும்.

ஞாயிறு

முதல் பந்தயம் காலையில். டயர் காற்றைக் குளிர்ந்த நிலையில் 24 பி.எஸ்.ஐ. வைத்தேன், சூடானால் 30-ஐத் தொடும். ஐந்தாறு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. என்ற கணக்கு முன்சக்கரங்களுக்குச் சரியாகவே வரும்.

புறப்பாடு நன்றாக அமைந்தது. விளக்கு அணைந்ததும் சக்கரம் அதிகம் சுழலாமல் பிடித்துக்கொண்டது, முதல் வளைவுக்குள்ளேயே இரண்டு வண்டிகளைக் கடந்தேன். நேர்பாதையில் முன்னால் போனவரின் ஸ்லிப்ஸ்ட்ரீமில் (வண்டிக்குப் பின்னால் உள்ள காற்று மறைவில்) ஒட்டிக்கொண்டபோது வெப்பமானி மெல்ல மெல்ல 97-க்கு ஏறியது. அரை வண்டி அகலம் விலகி ரேடியேட்டருக்குக் காற்று விட்டேன், மெல்ல மெல்ல இறங்கியது. முந்தின நாள் குதித்த முள் இப்போது நிதானமாக ஏறி நிதானமாக இறங்கியதைப் பார்க்க அவ்வளவு நிம்மதி.

அடுத்த தொல்லை பிரேக்கில் வந்தது. இந்தத் தடத்தில் நீளமான வலது வளைவு ஒன்று உண்டு. அது முடிந்து சின்ன நேர்பாதை, அதன் கடைசியில் மெதுவான இடது கொண்டையூசி. அங்கே பிரேக்கை மிதித்தால் மிதி பாதிவரை ஒன்றும் இல்லாமல் இறங்கியது. இதயம் வாய்க்கு வந்துவிட்டது. காலை எடுத்து மறுபடி மிதித்தேன், உயரத்திலேயே கல் மாதிரி நின்றது. வண்டி சரியாகவே நின்று திரும்பியது. மற்ற எல்லா இடத்திலும் பிரேக் ஒழுங்காக இருந்தது. அடுத்த சுற்றில் மறுபடி அதே இடத்தில் அதே கதை.

ஓட்டிக்கொண்டே யோசித்தேன். திரவம் கொதித்திருந்தால் மிதி ஸ்பான்ச் மாதிரி இருக்கும், இரண்டாம் முறை மிதித்தாலும் அந்த மென்மை போகாது, எல்லா வளைவிலும் தெரியும். டாட் 4 திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, 3.7 சதவீதம் ஈரம் ஏறிய பிறகு 155. எங்கள் திரவம் அந்த வாரம் மாற்றியது. காற்று புகுந்திருந்தாலும் இடம் பார்த்து வராது. ஒரே வளைவுக்குப் பிறகு மட்டும் வந்து, இரண்டாவது மிதிப்பில் முழு உறுதியோடு திரும்புகிறது என்றால் பேட்கள் (டிஸ்கை இருபுறமும் கவ்வும் பிரேக் கட்டைகள்) டிஸ்கிலிருந்து பின்னால் தள்ளப்படுகின்றன என்று அர்த்தம். டிஸ்க் ஆடுகிறது, ஆடும்போது பேட்களை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளிவிடுகிறது.

காலிப்பர் பிஸ்டன் 48 மில்லிமீட்டர், மிதி அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் 20 மில்லிமீட்டர், மிதியின் நெம்பு விகிதம் 5. பிஸ்டன் அரை மில்லிமீட்டர் உள்ளே போனாலே மிதி 14 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கும். கொண்டையூசிக்கு முன்னால் அது அரை நொடி.

அந்தப் பந்தயத்தின் மீதிச் சுற்றுகளை இடதுகாலின் துணையோடு ஓட்டினேன். வலது வளைவு முடிந்ததும், வலதுகால் ஆக்ஸிலரேட்டரில் இருக்கும்போதே இடதுகாலால் பிரேக்கை லேசாகத் தட்டிவிடுவது. பேட்கள் டிஸ்கோடு வந்து உட்கார்ந்துவிடும், அடுத்த மிதிப்பு முழுசாகக் கிடைக்கும். ஒரு முறை அதே இடத்தில் இரட்டை மஞ்சள் கொடி. யாரோ மண்ணில் போய் நின்றிருந்தார். அப்போது மட்டும் இரண்டு தட்டு. புதிதாக யாரையும் கடக்க முயலவில்லை, பெற்ற இடத்தைக் காப்பாற்றிக்கொண்டு முடித்தேன்.

பந்தயம் முடிந்ததும் ஜாக்கி. வலது வளைவில் பாரம் இடப்பக்கச் சக்கரத்தில்தான் விழும், அதனால் முதலில் முன் இடது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை. பக்கவாட்டிலும் இல்லை. கையால் சுற்றினால் சத்தமும் இல்லை. இந்தச் சோதனையோடு நிறுத்தியிருந்தால் சக்கரத்தையும் டிஸ்கையும் தாங்கும் பேரிங் நன்றாக இருக்கிறது என்றே முடிவு செய்திருப்போம். ஆனால் வேகமான வளைவில் அந்தச் சக்கரத்தின் மீது பக்கவாட்டில் வருவது 400 கிலோ எடைக்கு மேற்பட்ட விசை. மனிதக் கை அதில் எத்தனை பங்கு கொடுக்கும்?

எனவே வேறு இரண்டு வழிகளில் பார்த்தோம். ஒன்று, ஒரு கையால் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு மறு கையைச் சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங்கின் மீது வைப்பது. காதுக்கு எட்டாத சொரசொரப்பை ஸ்பிரிங் விரலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். வலப்பக்க ஸ்பிரிங் அமைதியாக இருந்தது. இடப்பக்க ஸ்பிரிங்கில் மணலை அரைப்பதுபோல ஒரு நுண்ணிய நடுக்கம், சக்கரம் நிற்கும்வரை. இரண்டு, சக்கரத்தைக் கழற்றிவிட்டு டயல் கேஜை (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) காந்தத்தால் ஸ்ட்ரட்டில் நிறுத்தி முள்ளை டிஸ்கின் விளிம்பில் வைத்தோம். ஸ்டட்களுக்கு நடுவே நீளக் கம்பியைக் கொடுத்து நண்பர் தன் முழு எடையோடு இழுத்தார். வலப்பக்கம் 0.03 மில்லிமீட்டர். இடப்பக்கம் 0.18. அவர் கம்பியால் கொடுத்ததற்கே இவ்வளவு என்றால் வளைவில் எவ்வளவு இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த வண்டியில் பேரிங்கை நக்கிளுக்குள் (சக்கர மையத்தைத் தாங்கும் உலோகத் துண்டு) பிரஸ் வைத்து அழுத்திப் பொருத்த வேண்டும். பேடாக்கில் பிரஸ் கிடையாது. அடித்து ஏற்றினால் புதுப் பேரிங்கின் குண்டுத் தடத்தில் பள்ளம் விழும், பத்துச் சுற்று தாங்காது. அதே மாடல் ஓட்டும் ஒருவரிடம் புதுப் பேரிங் ஏற்றிய முழு நக்கிள் உதிரியாக இருக்கிறது என்று தெரியும். போய்க் கேட்டேன். “எடுத்துக்கோங்க, ஓட்டிட்டு நிதானமாக் கொடுங்க” என்று பெட்டியைத் திறந்துவிட்டார். அன்று மதியம் அவரும் என்னோடு அதே பந்தயத்தில் ஓடப்போகிறவர். கிளப் பந்தயத்தை நான் விடாமல் இருப்பதற்கு இப்படிப்பட்டவர்களே முக்கியக் காரணம்.

டிஸ்க் ஆற அரைமணி விட்டோம். முதலில் ஸ்ட்ரட்டோடு நக்கிள் சேரும் இரண்டு போல்ட்களைச் சுற்றிப் பெயின்ட் பேனாவால் கோடு போட்டேன். அந்தத் துளையில்தான் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) இருக்கிறது, கோடு இல்லாமல் கழற்றினால் பிறகு குத்துமதிப்புதான். ஹப் நட்டின் மடிந்த விளிம்பை உளியால் நிமிர்த்தி, வண்டி இன்னும் தரையில் நிற்கும்போதே நண்பர் பிரேக்கை மிதிக்க, நீளக் கைப்பிடியால் தளர்த்தினோம். காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டோம். ஹோஸில் தொங்க விடக் கூடாது. டை ராட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) முனைக்குச் சுத்தியல் வித்தை: நக்கிளின் கை பக்கவாட்டில் ஒரு சுத்தியலை முட்டுக்கொடுத்து எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. கூம்பு தானாக விட்டுவிடும், ரப்பர் உறைக்குச் சேதம் இல்லை. கீழ்ப் பந்து மூட்டின் போல்ட்தான் அதிக நேரம் பிடித்தது. துருப்பிடித்த போல்ட்டை முன்னும் பின்னும் கால் திருப்பாகத் திருப்பித் திருப்பிப் பொறுமையாக எடுக்க வேண்டியிருந்தது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. ஹப் நட்டை முழு டார்க்கில் இறுக்கும்வரை அந்தச் சக்கரத்தின் மீது வண்டியின் எடை விழக் கூடாது. பேரிங்கின் இரண்டு உள்வளையங்களையும் சேர்த்துப் பிடித்து முன்னழுத்தம் கொடுப்பது அந்த நட்தான். இறுக்காமல் வண்டியை இறக்கி உருட்டினால் புதுப் பேரிங் அங்கேயே கெட்டுவிடும். டிஸ்கின் காற்றுத் துவாரத்தில் தடித்த ஸ்க்ரூடிரைவரைச் செருகிக் காலிப்பரில் முட்டுக்கொடுத்து, புது நட்டை இந்த மாடலுக்கு உரிய 220 நியூட்டன் மீட்டரில் இறுக்கி விளிம்பை மடித்தோம். டிஸ்கும் பேட்களும் பழையவையே, அதே பக்கத்துக்கு அதே ஜோடி. அதனால் மறுபடி பழக்கத் தேவையில்லை.

டோவை (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) இரண்டு நேரான அலுமினியப் பட்டைகளையும் டேப்பையும் வைத்து அளந்தோம். முன்னால் 4 மில்லிமீட்டர் விரிந்திருந்தது, எனக்கு வேண்டியது 2. டை ராடை அரைத் திருப்பு திருப்பியதும் சரியாக வந்தது. டயல் கேஜை மறுபடி வைத்து, அதே கம்பி, அதே நண்பர், அதே இழுப்பு. 0.02 மில்லிமீட்டர்.

இரண்டாம் பந்தயத்தின் ஃபார்மேஷன் சுற்றில் (புறப்பாட்டுக்கு முன் வரிசையாக ஓடும் சுற்று) வலது வளைவை வேண்டுமென்றே வேகமாகக் கடந்து, இடதுகாலால் தட்டாமல் பிரேக்கை மிதித்தேன். மிதி உயரத்திலேயே நின்றது. அதற்குப் பிறகு முதல் பந்தயத்தில் விட்டுக்கொடுத்ததையெல்லாம் கேட்டு வாங்கும் ஓட்டம். கொண்டையூசிக்கு முன்னால், முதல் பந்தயத்தைவிட இருபது மீட்டர் தாமதமாகப் பிரேக் பிடிக்க முடிந்தது. முன்னால் இருந்தவர் வெளிப்பக்கம் நகரும்வரை மூன்று சுற்று காத்திருந்து, உள்பக்கம் போய் வளைவின் உச்சியில் அவருக்கு ஒரு வண்டி அகலம் விட்டுத் திரும்பினேன். வெளியேறும்போது சக்கரத்தோடு சக்கரமாக ஓடி அடுத்த நேர்பாதையில் கடந்தேன். அதற்குப் பிறகு இன்னொருவர். கடைசிச் சுற்றில் நக்கிள் கொடுத்தவரின் பின்பம்பரை எட்டிவிட்டேன், கடக்க முடியவில்லை. என் பிரிவில் அவர் நாலாவது, நான் ஐந்தாவது.

ஆறியதும் எடுத்த கடைசி அளவுகள்: ஹப் நட்டின் பெயின்ட் கோடு நகரவில்லை. டிஸ்க் ஆட்டம் 0.02 மில்லிமீட்டர். எர்த் பாதையில் செல்ஃப் சுற்றும்போது 0.2 வோல்ட். ஆக்ஸிலரேட்டர் மிதி விட்டவுடன் பட்டென்று மேலே வருகிறது.

பழைய பேரிங்கைப் பட்டறையில் பிரஸ் வைத்து வெளியே எடுத்துப் பிரித்தேன். வெளிப்பக்க வரிசையின் உள்வளையத்தில் பாதிச் சுற்றுக்குச் செதில் செதிலாக உரிந்திருந்தது, கிரீஸ் கருகி மெழுகாகியிருந்தது. உள்பக்க வரிசை புதிது போலவே இருந்தது. அடுத்த பந்தயத்துக்கு முன் வலப்பக்கப் பேரிங்கையும் மாற்றிவிட்டு, கடனாக வாங்கிய நக்கிளில் புதுப் பேரிங் ஏற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்ஜினின் மறுபக்கத்திலிருந்து பாடிக்கு இரண்டாவது எர்த் ஸ்ட்ராப் ஒன்றும் போடப்போகிறேன். இனி ஒவ்வொரு பந்தயத்துக்கும் முந்தின நாள் பரிசோதனைப் பட்டியலில் செல்ஃப் சுற்றும்போது எடுக்கும் வோல்டேஜ் அளவும், கம்பியால் இழுத்து எடுக்கும் டயல் கேஜ் அளவும் இடம்பெறும்.